சிங்கப்பூர் நிப்பிளும் மாமனார் வச்ச முறையும்

என் பொண்ணு பொறந்து இருபது நாளுக்குள்ள ஊர்ல நல்ல பேரு வாங்கிட்டா. "என்னா அடக்கமான புள்ள! வீட்டுல புள்ள இருக்கற சத்தமே கேக்கல"ன்னு வந்தவங்க எல்லாம் கன்னத்தைத் தொட்டு நெட்டி முறிச்சுட்டுப் போவாங்க. நானும் பெருமையாப் பல்லைக் காட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன். அது அடக்கமே இல்ல, அழறதுக்குக்கூடத் தெம்பு இல்லாம கிடக்குதுன்னு இருபத்தாறாம் நாள் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியிலதான் தெரிஞ்சுது.

அங்க கிடந்த எட்டு நாள் கதையைத்தான் எழுதறேன். இத்தனை வருஷம் கழிச்சு இப்ப என்னத்துக்குன்னா, போன மாசம் ஒரு வீட்டுக்குப் புள்ள பாக்கப் போனேன். பொறந்து அஞ்சே நாள். வாயில நீலக் கலர்ல ஒரு நிப்பிள். "அழறதே இல்ல ஆன்ட்டி, சமத்து"ன்னு பெத்தவ சொல்றா. என் கதையை அங்கயே ஆரம்பிச்சேன், பாதி சொல்றதுக்குள்ள அடுத்த கூட்டம் வந்துடுச்சு. விட்ட மீதியை இங்க கொட்டித் தீத்துடறேன்.

முதல்ல எங்க வீட்டைச் சொல்லணும். நீடாமங்கலத்துக்குப் பக்கத்துல ஒரு கிராமம். வீட்டுல மூணே பேர், நான், என் வீட்டுக்காரர், மாமனார். மாமியார் நான் வாழ வர்றதுக்கு முன்னாடியே போய்ச் சேந்துட்டாங்க. எனக்கும் அம்மா இல்ல. தலைப்பிரசவத்துக்குப் பேராவூரணியில பொறந்த வீட்டுக்குப் போயிருந்தா அங்க அண்ணனும் தென்னை மரமும்தான் என்னைப் பாத்துக்கணும். அதனால இங்கயே இருந்துட்டேன். மொத்தத்துல, புள்ள வளத்துப் பழகுன பொம்பளைன்னு வீட்டுல ஒருத்தரும் கிடையாது.

வீட்டுக்காரர் நீடாமங்கலத்துல ரயில்வே கேட் கீப்பர். பஸ்ஸு, லாரி, கல்யாண கார் எல்லாத்தையும் நிறுத்தி வச்சு ஊரோட சாபத்தை வாங்கறதுதான் அவர் உத்தியோகம். அதனாலயே யாரு என்ன திட்டுனாலும் முகம் மாறாது.

மாமனார்தான் கதாநாயகன். அவங்க அப்பா காலம் வரைக்கும் பண்ணையில கூலி வேலை. இவர் காலத்துல அதே பண்ணையில ஆறு மா நிலம், அதாவது ரெண்டு ஏக்கர், குத்தகை. கட்சியில கிளைச் செயலாளர், கரை வச்ச துண்டு இல்லாம கொல்லைப் பக்கம்கூடப் போக மாட்டார். குத்தகைக்காரங்க பேரைப் பதிஞ்சுக்கலாம்னு சட்டம் வந்ததும் மொத ஆளா மனுப் போட்டார். பண்ணைக்காரர் விடுவாரா? "இவன் குத்தகைக்காரனே இல்ல, என் வேலையாளு"ன்னு கேஸைப் போட்டுட்டார். வாய்தா வாய்தான்னு அது பாட்டுக்கு நடந்துக்கிட்டிருந்துச்சு.

எங்க வயல் கடைமடை. வாய்க்கால் முடியற இடம். ஆத்துல தண்ணி குறைஞ்சா முறை வைப்பாங்க, இன்ன வயலுக்கு இத்தனை மணி நேரம், அப்புறம் மதகை அடைச்சுட்டு அடுத்த வயலுக்குன்னு. அந்த முறையை ஒரு நீள நோட்டுல எழுதறவர் எங்க மாமாதான். ஒரு வருஷம் பண்ணைக்காரர் தானாவே ஒரு முறையை எழுதி ஊருக்கு அனுப்பிட்டார். மாமா அதைப் பஞ்சாயத்துல நாலாக் கிழிச்சுப் போட்டு, "பாத்தியப்பட்டவன் கையெழுத்து இல்லாத முறை செல்லாது"ன்னு சொன்னாராம். பாத்தியப்பட்டவன்னா உரிமை உள்ளவன். வாழ வந்த நாள்லேருந்து என் பேரைவிட அந்த வாசகத்தைத்தான் நான் அந்த வீட்டுல அதிகமாக் கேட்டிருக்கேன்.

இப்ப நிப்பிளுக்கு வர்றேன். கொழுந்தனார் சிங்கப்பூர்ல இருந்தார். புள்ள பொறந்த தந்தி கிடைச்ச அன்னிக்கே, ஊருக்குக் கிளம்பின ஆளு மூலமா ஒரு பை குடுத்து விட்டார். தைலம், டார்ச் லைட், எனக்கு ஒரு சேலை, அப்புறம் மூணு நிப்பிள். புட்டி இல்ல, வெறும் நிப்பிள், பின்னாடி ஒரு வளையம். "புட்டியை ஏர்போர்ட்ல புடுங்கிட்டாங்க போல"ன்னு என் வீட்டுக்காரர் ஒரு மணி நேரம் வருத்தப்பட்டார். கடிதாசியைப் படிச்சாத்தான் விளங்குது: "புள்ள அழுதா வாயில வைக்கவும்."

அஞ்சாம் நாளோ ஆறாம் நாளோ, பண்ணைக் காரியஸ்தர் சமாதானம் பேச வீட்டுக்கு வந்தார். கேஸை வாபஸ் வாங்கறோம், ரெண்டு மா நிலத்தை மட்டும் விட்டுக்குடுன்னு பேச்சு. உள்ளே என் பொண்ணு தொண்டை கிழியக் கத்தறா. காரியஸ்தர் சொல்றது மாமாவுக்குக் கேக்கல, மாமா சொல்றது அவருக்குக் கேக்கல. மாமா எட்டிப் பாத்து, "அந்தச் சிங்கப்பூர் சாமானை வைம்மா"ன்னார். வச்சேன். கப்சிப். சமாதானம் ஒண்ணும் ஆகல, ஆனா ஒரு மணி நேரம் நிம்மதியாச் சண்டை போட்டாங்க.

மாமாவுக்கு அன்னிக்கு மூளையில பல்பு எரிஞ்சுடுச்சு. மறுநாள் காலையில நோட்டுல ஒரு புதுப் பக்கம். மேலே 'பாப்பா'ன்னு தலைப்பு. ஆறு மணி, பத்து மணி, ரெண்டு மணி, மறுபடி ஆறு, மறுபடி பத்து. இடைப்பட்ட நேரத்துக்கெல்லாம் 'அடைப்பு'. அடைப்புன்னா நிப்பிள்.

மருமககிட்ட இந்த விஷயத்தைப் பேச அவருக்குக் கூச்சம். பால்ங்கற வார்த்தையே வாயில வராது. எனக்கு முதுகைக் காட்டிக்கிட்டு, தெருவைப் பாத்துத்தான் பேசுவார். "சும்மா சும்மா தொறந்து விட்டா தண்ணி தேங்காதும்மா. நாலு மணி நேரம் அடைச்சு வச்சுத் தொறந்தா, ஒரே பாய்ச்சல்ல வயல் ரொம்பிடும்." நேரம் ஆச்சுன்னா வாசல்லேருந்து ஒரு குரல்: "செல்வி, முறை வந்துடுச்சு!" தெருவுல போறவங்க எங்க வயலுக்குத்தான் தண்ணி வந்துடுச்சுன்னு ஓடிப் போய்ப் பாத்துட்டு வந்திருக்காங்க.

குத்தம் முழுக்க அவர் மேல போட மாட்டேன். எனக்கும் சுகமா இருந்துச்சு. பச்சை உடம்பு, தூக்கம் கண்ணைச் சுத்துது. வாயில ரப்பரை வச்சா புள்ள தூங்குது, நானும் தூங்கறேன். யாருக்குக் கசக்கும்?

மொதல்ல நாலு நாள் நெஞ்சு கல்லு மாதிரி கனத்துது. "பாத்தியா, தேங்குது"ன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். அப்புறம் கனம் கொறைஞ்சுது. ஒரு நாள் பாத்தா ஒண்ணுமே இல்லாத மாதிரி தொளதொளன்னு இருக்கு. முறை வந்து புள்ளையைப் போட்டா நுனியை மட்டும் கடிக்கிறா, ரெண்டு இழு இழுத்துட்டு விட்டுடறா. எனக்கு வலியில உசுரு போகுது. சரி பசியில்ல போலன்னு ரப்பரை வைப்பேன், சொகுசாச் சப்பிக்கிட்டே தூங்கிடுவா. ஒரு நாளைக்குப் பத்துத் துணி நனைச்சவ மூணுதான் நனைக்கிறா. தோய்க்கிற வேலை மிச்சம்னு சந்தோஷப்பட்டேன், மடச்சி!

இருபத்தாறாம் நாள் காலையில எனக்குக் குளிர் ஜுரம். வலது பக்கம் செவந்து வீங்கி, தொட்டா எரியுது. ஆறு மணி முறைக்குப் புள்ளையை எழுப்பறேன், எழுந்திருக்கல. உள்ளங்காலைச் சுண்டுனேன், முகத்தைச் சுளிச்சா, சத்தம் வரல. நாக்கு காஞ்சு கிடக்கு. உச்சிக்குழி உள்ளே வாங்கியிருக்கு. "மாமா!"ன்னு நான் கத்தின கத்துல அவர் துண்டு இல்லாம ஓடி வந்தார். அதுலயே அவர் எவ்வளவு பயந்துட்டார்னு தெரிஞ்சுக்கலாம்.

தஞ்சாவூர் பஸ்ஸைப் புடிச்சோம். நீடாமங்கலத்துல பஸ் நின்னுடுச்சு. கேட் போட்டாச்சு. எட்டிப் பாக்கறேன், பச்சைக் கொடியோட நிக்கறது என் புருஷன்! புள்ளையைத் தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போற பஸ்ஸைப் பெத்த அப்பனே நிறுத்தி வச்சிருக்கார்.

"ஏங்க! தொறங்க! புள்ள கண்ணு முழிக்கல!"

"அய்யோ செல்வி! வண்டி வருது, தொறந்தா ஜெயிலு!"

"வண்டி எங்க வருது?"

"வந்துக்கிட்டே இருக்கு!"

அந்த வண்டி வந்தது ஒரு கூட்ஸ். எத்தனை பெட்டி! நான் ஜன்னல்ல தொங்கிக்கிட்டு ரயில்வேயை, என் மாமனாரை, சிங்கப்பூரை எல்லாரையும் திட்டறேன். பஸ்ல இருந்த ஜனமெல்லாம் எனக்குத் தோதா அவரைத் திட்டறாங்க. அவர் கொடியைக் காட்டிக்கிட்டே அழறார். கேட் தொறந்ததும் டிரைவர் வழியில ஒரு நிறுத்தத்துலயும் நிறுத்தல.

ஆஸ்பத்திரியில வரிசை நீளம். ஆனா புள்ளை கிடந்த கிடையைப் பாத்து முன்னாடி இருந்தவங்களே எங்களைத் தள்ளி விட்டாங்க. லேடி டாக்டர் வயித்துத் தோலை ரெண்டு விரலால கிள்ளி விட்டார். அது உடனே சமமாகல, மடிப்பு அப்படியே நின்னு மெதுவாப் படிஞ்சுது. உடம்புல நீர் வத்திப் போச்சுன்னு அர்த்தமாம். தராசுல போட்டாங்க. பொறந்தப்ப ரெண்டு கிலோ தொள்ளாயிரம். இப்ப ரெண்டரை. சாதாரணமா பொறந்த எடையிலேருந்து கொஞ்சம் கொறைஞ்சு, ரெண்டு வாரத்துக்குள்ள பழையபடி ஏறிடணுமாம். என் பொண்ணு ஏறவே இல்ல. குதிகால்ல குத்தி ரத்தம் எடுத்து, உப்பும் சர்க்கரையும் சரியா இருக்கான்னு பாக்க அனுப்புனாங்க. அதுக்குக்கூட அவ அழல. நான் அழுதேன்.

"ஒரு நாளைக்கு எத்தனை தடவை தாய்ப்பால் குடுக்கறீங்க?"ன்னு டாக்டர் கேட்டார்.

மாமா பெருமையா அக்குள்லேருந்து நோட்டை எடுத்து நீட்டினார். அந்த அவசரத்துலயும் துண்டை விட்டவர் நோட்டை விடல. டாக்டர் புரட்டினார். "என்னங்க இது, தலைமடை எட்டு மணி நேரம், கடைமடை மூணு மணி நேரம்?"

"அது வயலுங்க. அடுத்த பக்கம் பாருங்க."

அடுத்த பக்கத்தை டாக்டர் விரல் வச்சு எண்ணினார். அப்புறம், "அஞ்சு தடவையா? இந்த வயசுப் புள்ள எட்டு, பத்து, பன்னண்டு தடவைகூடக் கேக்கும். அடைப்புன்னா என்ன?"ன்னார். நான் நிப்பிளை எடுத்துக் காட்டுனேன். அதை வாங்கி மேசை டிராயர்ல போட்டுச் சாத்துனார். எங்க வழக்குல மொத ஜப்தி அதுதான்.

புள்ளைக்குக் கையில டிரிப். எனக்குப் பால் கட்டி அழற்சி ஆயிடுச்சுன்னு மாத்திரை. மாத்திரை சாப்பிட்டுக்கிட்டே அந்தப் பக்கமும் குடுக்கணும், குடுக்காம விட்டாத்தான் சீழ் வைக்கும்னு சொன்னாங்க. கடைசியா டாக்டர் சொன்னதுதான் என் தலையில இடி. "மூணு நாள் பாப்போம். புள்ள இழுத்துக் குடிக்கணும், உங்களுக்குச் சுரக்கணும், எடை ஏறணும். இல்லன்னா டின் பாலுக்கு மாத்திடலாம். அது ஒண்ணும் பாவம் இல்ல, புள்ள உசுரு முக்கியம்."

எனக்கும் உசுருதான் முக்கியம். ஆனா அவ என்கிட்ட குடிக்கணும்னு அப்படி ஒரு வெறி எனக்கு. அம்மா இல்லாம வளந்தவ நான். என் புள்ள நான் இருந்தும் இல்லாத மாதிரி டின்னைப் பாத்து வளரணுமா?

வார்டுல பாத்திமா சிஸ்டர்னு ஒருத்தங்க. எங்களைக் கரை சேத்தவங்க அவங்கதான். டிரிப்பு ஏறிக் கண்ணு முழிச்சதும், நான் பிழிஞ்சு எடுத்த சொட்டுப் பாலையும், போதாததுக்குக் கொஞ்சம் டின் பாலையும் சங்கு மாதிரி இருக்கற பாலாடையில ஊட்டுனாங்க. புட்டி கூடவே கூடாதாம், மறுபடி ரப்பர் ருசிக்குப் போயிடும். "நிப்பிளை நுனி வாயால சப்புனா போதும். தாய்கிட்ட வாயை ஆன்னு தொறந்து, காம்பைச் சுத்தி இருக்கற கருப்பும் சேர்த்துக் கவ்வணும். ரெண்டும் வேற வேற வேலை. சில புள்ளைங்க ரெண்டையும் கத்துக்கும். சிலது இந்தச் சின்ன வயசுல குழம்பிடும்"னு சொல்லிக் குடுத்தாங்க.

ஆம்பளைங்க வார்டுக்குள்ள வரக்கூடாது. மாமா வராண்டாவுல ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உக்காந்திருந்தார். ஆனா காது உள்ளேதான். "சிஸ்டர், அடைச்சு வச்சாத்தானேம்மா தேங்கும்?"னு அங்கேருந்தே கேட்டார்.

சிஸ்டர் ஜன்னலுக்குப் போனாங்க. "அய்யா, உங்க ஊர்ல யாராச்சும் ஃபில்டர் பாயிண்ட் குழாய்க் கிணறு போட்டிருக்காங்களா?"

"ஏன், நானே பங்குக்குப் போட்டிருக்கேன். டீசல் இன்ஜின் வச்சு இறைக்கறோம்."

"ரெண்டு மாசம் ஓட்டாம வச்சா தண்ணி தேங்கி நிக்குமா?"

"எங்கேருந்து? குழாய்க் கண்ணெல்லாம் மண்ணு அடைச்சுக்கிட்டு ஒண்ணும் வராது. ஓட்டிக்கிட்டே இருக்கணும்."

"இதுவும் ஃபில்டர் பாயிண்ட்தான். மதகு இல்ல. புள்ள இழுக்கற அளவுக்குத்தான் உடம்பு சுரக்கும். இழுக்க விடாம நிப்பிளைக் குடுத்தா, இங்க தேவையில்ல போலன்னு உடம்பு கொறைச்சுக்கும். பசிக்குதுன்னு புள்ள சொல்றது உங்களுக்குக் கேக்காமலும் போயிடும்."

மாமாவுக்குப் புரிஞ்சுதா இல்லையான்னு தெரியல. நாப்பது வருஷம் மதகு தொறந்தவர் லேசுல விட்டுடுவாரா?

மறுநாள் எடை, டிரிப்புல ஏறுனது போக, அப்படியே நின்னுடுச்சு. மடியில போட்டா நெளியறா, தேடறா, கவ்வத் தெரியாம திரும்பிக்கறா. அரை மணி நேரத்துக்கு ஒரு தடவை நானும் விடாம முயற்சி பண்றேன். முதுகு விட்டுப் போச்சு. அப்பத்தான் வராண்டாவுலேருந்து குரல்: "இப்பத்தானேம்மா விட்ட? ஒரு ரெண்டு மணி நேரம் போகட்டுமே, கொஞ்சம் தேங்…"

அவ்வளவுதான். எனக்கு வந்துதே ஆத்திரம்! மாமனாராவது மண்ணாங்கட்டியாவது.

"மாமா! கடைமடைக்குத் தண்ணி வரலைன்னு கலெக்டர் ஆபீஸ் வாசல்ல போய் உக்காருவீங்க. பண்ணைக்காரன் எழுதுன முறையைக் கிழிச்சுப் போடுவீங்க. இந்தா, உங்க வீட்டுக் கடைமடை காஞ்சு கிடக்கு! இதுக்கு முறை எழுதுனீங்களே, யாரைக் கேட்டு எழுதுனீங்க? என்னைக் கேட்டீங்களா?"

மாமா எழுந்து போயிட்டார். சாயங்காலம் வரைக்கும் ஆளைக் காணும். சோறு கொண்டுவந்த வீட்டுக்காரர், "அப்பாவை என்ன சொன்ன? ரயில்வே கேட்கிட்ட வந்து ஒரு மணி நேரம் உக்காந்திருந்துட்டுப் போனார்"ன்னார். எனக்குச் சோறு இறங்கல. ஆனா அவர் கொண்டுவந்தது பால் ஊறும்னு சொல்ற பால்சுறா மீன் புட்டு, அதனால கொஞ்சம் இறங்குச்சு.

மூணாம் நாள் கேஸ் வாய்தா. மாமா கோர்ட்டுக்குப் போவார்னு நெனச்சேன். விடியக்காலம் வராண்டாவுல உக்காந்திருக்கார். "வாய்தா?"ன்னேன். தெருவைப் பாத்துக்கிட்டே, "வக்கீலை வேற தேதி வாங்கச் சொல்லிட்டேன். கடைமடைக்கு இன்னும் தண்ணி ஏறல"ன்னார். அன்னிக்குக் கட்சிக்காரங்க ஆறு பேர் ஆரஞ்சுப் பழத்தோட கும்பலா வந்தாங்க. வாசல்லயே மறிச்சு, "புள்ள குடிக்கப் பாக்குது, சத்தம் போடாதீங்கய்யா"ன்னு அத்தனை பேரையும் திருப்பி அனுப்பிட்டார். மாவட்டச் செயலாளரே வந்திருந்தாலும் அன்னிக்கு அதே கதிதான். எடை இருபது கிராம் ஏறியிருந்துச்சு. "இன்னும் ரெண்டு நாள் பாக்கலாம்"னு டாக்டர் சொன்னார்.

நாலாம் நாள் மத்தியானம் நான் உக்காந்த வாக்குல கண்ணசந்துட்டேன். திடீர்னு ஒரு சத்தம். வீல்னு. வார்டுல அத்தனை தலையும் திரும்புது. என் பொண்ணு! மொகமெல்லாம் செவந்து, கையைக் காலை உதறிக்கிட்டு, காரியஸ்தர் வந்த அன்னிக்குக் கத்துன அதே கத்து. ஜன்னல்ல மாமா முகம், இந்தத் தடவை முதுகு இல்ல. "செல்வி, அழுவுது! அழுவுதும்மா!" ஆத்துல மொதத் தண்ணி வர்றப்ப கத்துவாரே, அதே குரல்.

சிஸ்டர் ஓடி வந்தாங்க. அழறதுக்குத் தொறந்த வாய் தொறந்தபடி இருக்கையிலேயே அப்படியே என்கிட்ட சேத்து வச்சாங்க. கவ்விட்டா! வாய் நிறைய. இழுத்தா. கொஞ்ச நேரத்துல கொளக், கொளக்னு முழுங்கற சத்தம். அதுக்கு மேல நான் என்னத்தைச் சொல்ல? அழுதுக்கிட்டே சிரிச்சேன், பக்கத்துக் கட்டில்காரி தலையை வருடி விட்டா.

அப்புறம் தராசு நல்லபடியா நகர்ந்துது. முப்பது, நாப்பது கிராம்னு தெனம் ஏறுச்சு. துணி பத்து நனைஞ்சுது, தோய்க்கிறதுக்கு என் வீட்டுக்காரர் லீவு போட்டார். எட்டாம் நாள் ரெண்டு கிலோ எழுநூத்து அறுபது. வீட்டுக்குப் போகலாம்னு டாக்டர் சீட்டு எழுதினார். நிப்பிளைத் திருப்பிக் குடுத்துட்டு, "இது விஷம்னு நான் சொல்லல. எல்லாப் புள்ளைக்கும் இப்படி ஆகாது. நல்லாக் குடிக்கப் பழகி, எடை ஒழுங்கா ஏறுன பிறகு வேணும்னா யோசிங்க. மொத சில வாரம் வேண்டாம். பசிக்கு அழற வாயை மட்டும் எப்பவுமே அடைக்காதீங்க"ன்னார். வெளியில வந்ததும் மாமா அதை வாங்கிச் சட்டைப் பையில போட்டுக்கிட்டார். பிற்பாடு அது எங்க டீசல் கேனுக்கு மூடியா ரொம்ப நாள் உழைச்சுது.

கிளம்பறப்ப பையெல்லாம் கட்டி வச்சுட்டுக் கட்டில்ல உக்காந்திருந்தேன். சிஸ்டர்கிட்ட அனுமதி கேட்டுக்கிட்டு மாமா வார்டுக்குள்ள வந்தார். எனக்கு நேரா நின்னார். நோட்டைப் பிரிச்சு நீட்டினார். 'பாப்பா' பக்கத்துல குறுக்கே ஒரு கோடு. எதிர்ப் பக்கத்துல அவர் கையெழுத்துல புதுசா எழுதியிருந்துச்சு:

"மேற்படி வாய்க்காலுக்கு முறை கிடையாது. பகல், இரவு எந்நேரமும் கேட்கும்போதெல்லாம் திறந்துவிட வேண்டியது. அடைப்பு வைக்க எவருக்கும் பாத்தியதை இல்லை."

கீழே அவர் கையெழுத்து. சாட்சின்னு போட்டு பாத்திமா சிஸ்டர் கையெழுத்து, என் வீட்டுக்காரர் கையெழுத்து. எல்லாத்துக்கும் மேலே ஒரு வரி காலியா இருந்துச்சு. பேனாவை எடுத்து அந்த இடத்தைக் காட்டினார்.

"இதுல நீ போடு."

"நான் எதுக்கு மாமா?"

"பாத்தியப்பட்டவ நீதானேம்மா. மொத முறையை உன்னைக் கேக்காம எழுதிட்டேன். அது செல்லாத முறை."

எனக்குக் கண்ணு மறைச்சுது. பேனாவுக்குக் கையை நீட்டறேன், மடியில கிடந்தவ வீல்னு ஆரம்பிச்சுட்டா. மாமா பேனாவை மூடிப் பையில செருகிக்கிட்டு, திரும்பி வராண்டாவைப் பாத்து வேகமா நடந்தார்.

"கையெழுத்து அப்புறம் போட்டுக்கலாம்"னார் போற போக்குல. "முதல்ல புள்ளைக்குப் பாலைக் குடும்மா."